அண்ணி கட்டிய மீன் வீடுகள்

எங்கள் பீங்கான் பட்டறையின் பின்புறம், சூளையில் வெடித்துப் பழுதான குழாய்களும் ஜாடிகளும் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். அண்ணி கல்யாணமாகி வந்த புதிதில், அந்தக் குவியலின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. விருத்தாசலத்தில் பிறந்த எங்களுக்கு அது குப்பை. பரங்கிப்பேட்டைப் பக்கம் மீனவக் குப்பத்தில் பிறந்த அவருக்கு அப்படித் தோன்றவில்லை. "இதுல எத்தினி மீனு குடியிருக்கும் தெரியுமா தம்பி?" என்றார். நான் சிரித்தேன்.

அவர் ஊருக்கு நேரே, கடலுக்கடியில் ஒரு பாறைமேடு உண்டு. பார் என்பார்கள். மீன் அண்டுவதும் முட்டையிடுவதும் அங்கேதான். பெரிய இழுவைப் படகுகள் வலையை அடியோடு போட்டு இழுத்து இழுத்து, அதை மொட்டையடித்துவிட்டன. அண்ணியின் தம்பி அந்தப் பாரில் தூண்டில் போட்டுப் பிழைத்தவன். வெறும் படகோடு கரை திரும்ப ஆரம்பித்திருந்தான். அவன் பிழைப்புக்காகத்தான் அண்ணி இதில் இறங்கினார்.

அண்ணனை நச்சரித்து, அலுவலகம் அலுவலகமாக ஏறி அனுமதி வாங்கி, தன் ஊர்ப் பஞ்சாயத்தையும் சம்மதிக்க வைத்தார். பாரைச் சுற்றி வலை கூடாது, தூண்டில் மட்டும்தான். மீன் சினைப்படும் காலத்தில் அதுவும் கூடாது. பஞ்சாயத்தில் முதல் ஆளாகச் சத்தியம் செய்தவன் அவர் தம்பி. வெடித்த குழாய்களை லாரியில் ஏற்றி, சேத்தியாத்தோப்பு வழியாகக் கரைக்குக் கொண்டுபோய், படகு படகாகப் பாரில் இறக்கினோம்.

அதோடு விட்டிருக்கலாம். எங்கள் பட்டறைப் புத்தி விடவில்லை. ஈரச் சாமானைக் காயவைத்தால், பக்கத்தில் குச்சி நட்டு ஒரு சிவப்புத் துணி கட்டுவது எங்கள் வழக்கம். தலையில் சுமையோடு வருகிறவர்கூட அதைக் கண்டால் சுற்றிக்கொண்டுதான் போவார். அதே நினைப்பில், பாரைச் சுற்றி மிதவை விட்டுச் சிவப்புத் துணி கட்டலாம் என்றார் அண்ணன். அண்ணிக்கும் சரியென்று பட்டது. அதற்குள் அவரும் பாதி பட்டறைக்காரராக ஆகியிருந்தார்.

சில வருஷங்களில் மீன் திரும்பியது. தன் தம்பி போனில் சொல்வதை அண்ணி அடுப்படியிலிருந்தே எங்களுக்கு ஒப்பிப்பார். கலவா வந்துடுச்சாம், சீலா வந்துடுச்சாம். அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பி தெர்மாகோல் பெட்டி நிறைய மீனோடு பஸ்ஸில் வந்து இறங்கினான். எல்லாம் பெரிய கலவா. ஒன்றை அறுத்த அண்ணி கத்தியைக் கீழே வைத்துவிட்டார். வயிறு முழுக்கச் சினை.

"ஏதுடா இவ்ளோ?"

"சுருக்குமடி வலை போட்டாங்கக்கா. நானும் அந்தப் படகுல கூலிக்குப் போனேன். பாரைச் சுத்தி வளச்சி அள்ளிட்டோம்."

"சத்தியம் பண்ணியேடா."

"நான் போவலன்னா வேற எவனாச்சும் போயிருப்பான். நீங்கதான் துணி கட்டி வச்சிருக்கீங்களே, மீன் எங்க இருக்குதுன்னு யாரும் தேடக்கூட வேணாம்."

அண்ணி கத்தியை எடுத்து மிச்ச மீனையும் அறுத்தார். குழம்பு வைத்துப் பரிமாறினார். அவர் மட்டும் மோர் ஊற்றிச் சாப்பிட்டார். அந்த ஆளை அன்றைக்கே வாசலோடு அனுப்பியிருக்க வேண்டும் என்ற ஆத்திரம் எனக்கு இன்றும் அடங்கவில்லை.

இப்போதும் பொங்கலுக்கு வருகிறான், வெறுங்கையோடு. மகனுக்குப் பட்டறையில் ஏதாவது வேலை வேண்டுமாம். போன பொங்கலுக்கு, "கடல்ல இப்பல்லாம் மீனே இல்லக்கா" என்று பெருமூச்சு விட்டான், யாரோ திருடிக்கொண்டு போனதைப் போல.

சோறு போட்டுக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கடா போச்சு?"

அவன் ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்தான்.