பூட்டிய வீட்டில் எத்தனை பேர்

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக, பள்ளி ஆசிரியனான நான் உத்திரமேரூரை அடுத்த ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. ஒரு வீடு வெளியே பூட்டியிருந்தது. திரும்ப நினைத்தபோது ஓர் அம்மா சன்னலருகே வந்தார். நாற்பது வயதிருக்கும். நெற்றியில் பொட்டில்லை. பக்கத்தில் இன்னொருவர் நிற்க இடம் விட்டதுபோல் ஓரமாக ஒதுங்கி நின்றார்.

"ஜெபத்துக்குப் போயிடுவேன்னு வூட்டுக்காரரு பூட்டிக்கினு கழனிக்குப் போயிட்டாரு சார்."

"எத்தனை நாளா இப்படி?"

"ஞானஸ்நானம் எடுத்ததுலேர்ந்து. ஆறு வருஷமாவுது."

"சர்ச்சுக்கே போக முடியலன்னா கஷ்டமா இல்லையாம்மா?"

"நான் ஆண்டவருக்குள்ள கீறேன், அவரு எனக்குள்ள கீறாரு. அவரத் தேடிக்கினு எங்க சார் போவணும்?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா அப்பிடின்னா, என்னோட சேத்து அவரையுந்தான உள்ள வெச்சிப் பூட்டறாங்க? அத நெனச்சாதான் சார் அழுவ வருது."

அதற்குள் கணவர் வந்து பூட்டைத் திறந்தார். எல்லாக் கேள்விக்கும் அவரே பதில் சொன்னார். மதம் என்றதும், "எல்லாருக்கும் இந்துன்னே போடு சார்" என்றார்.

நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். எழுதிவிட்டேன். தெருவில் இறங்கியபோது கதவு மறுபடி பூட்டப்படும் சத்தம் கேட்டது.

கடவுளுக்காக இரக்கப்பட்ட ஒருவரை நான் அதற்குமுன் கண்டதில்லை. அந்த மூன்றெழுத்தை நான் எழுதியபோது அவர் என்னையும் இரக்கத்தோடுதான் பார்த்தார்.