தேநீர் ஆறுவதற்குள்

கொழும்பிலிருந்து இராசநாயகம் அண்ணனின் மகள் அழைத்து, "அக்கா, அப்பா இண்டைக்குக் காலமை போயிட்டார்" என்றாள். "அக்கா, கேக்குதோ? ஏதாவது சொல்லுங்கோ" என்று அவளே கெஞ்ச வேண்டியதாயிற்று. அண்ணனிடம் வேலை பழகியவள் இப்படிப் பதில் இல்லாமல் நின்றது தெரிந்தால், அவரே எழுந்து வந்து திட்டியிருப்பார்.

தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு உதிரிப்பாகம் விற்கும் எங்கள் கண்டிக் கம்பெனியில் அவர் மேலாளர், நான் தட்டெழுத்தாளர். மேசைக்கு வந்த கேள்விக்குத் தேநீர் ஆறுவதற்குள் பதில் போக வேண்டும் என்பது அவர் சட்டம். கேட்ட பொருள் கைவசம் இல்லாவிட்டாலும்தான். "இல்லையெண்டால் இல்லையெண்டு உடன சொல்லிப்போட வேணும் பிள்ளை. அந்த மனுசன் வேற கடையைப் பார்ப்பான். பேசாமல் இருந்தால் எங்களை நம்பிக்கொண்டெல்லோ இருப்பான்!"

ஒருமுறை கொழும்புக் கம்பெனி ஒன்று வாழ்த்து அனுப்பியது. அண்ணன் நன்றி எழுதினார். அவர்கள் அந்த நன்றிக்கு நன்றி எழுதினார்கள். அண்ணன் விடுவாரா? "நன்றிக்கு நன்றி, அதுக்கும் நன்றியாண்ணே? இது எங்க போய் முடியும்?" என்று கேட்டேன். "அவங்கள் நிப்பாட்டட்டும், நானும் நிப்பாட்டுறன்." கடைசியில் அவர்களே, 'ஐயா, இத்துடன் நிறுத்திக்கொள்வோம்' என்று எழுதினார்கள். 'நல்ல யோசனை' என்று அதற்கும் ஒரு பதில் அடித்துக் கொடுத்தேன்.

தமிழருக்கு எதிரான கலவரம் நகருக்குள் வந்த அன்று, கடைக்குப் பின்னாலிருந்த களஞ்சிய அறையில் நாங்கள் இருவரும் மாட்டிக்கொண்டோம். அடுத்த தெருவில் கடைகள் எரிந்தன. அண்ணன் அங்கிருந்த டெலிபோனைச் சுழற்றினார். பெரிய வாடிக்கையாளர்கள், ஒன்றாக விருந்துண்டவர்கள், ஒருவரும் எடுக்கவில்லை. மணி மட்டும் அடித்துக்கொண்டேயிருந்தது. எடுத்த ஒரே ஆள், ஹேவாஹெட்டப் பக்கத் தொழிற்சாலையொன்றில் தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் திசாநாயக்க. அவருடைய பழைய இயந்திரத்துக்கு எங்களிடம் எப்போதும் ஒன்றும் இருந்ததில்லை. அவருக்கு நான் தட்டியதெல்லாம் 'இல்லை' என்ற பதில்தான்.

"நம்மகிட்ட ஒரு ஆணி வாங்காத மனுசன். வருவாராண்ணே?"

"வாறன் எண்டு சொன்னவர். பதில் சொல்லிப்போட்டார் பிள்ளை, இனி வருவார்."

வந்தார், தொழிற்சாலை லொறியோடு. வெறும் தேயிலைப் பெட்டிகளுக்குப் பின்னால் எங்களை உட்கார்த்திச் சாக்கால் மூடும்போது சிங்களத்தில் சொன்னார்: மற்றக் கடைக்காரர்கள் தன்னை மாதக்கணக்காகக் காக்க வைத்தார்களாம், இந்த ஐயா மட்டும் ஒருநாளும் காக்க வைக்கவில்லையாம்.

நகர எல்லையில் கும்பல் மறித்தது. ஒருவன் பலகையில் ஓங்கித் தட்டி, "உள்ளே யாராவது இருக்கிறீர்களா?" என்று கத்தினான். திசாநாயக்க, "வெறும் பெட்டிதான்" என்றார். என் பக்கத்தில் அண்ணன் மூச்சை இழுத்தார். எனக்கு உயிரே போய்விட்டது. கேள்வி கேட்டால் சும்மா இருக்கும் ஆளா அவர்? மேலாளர் என்றும் பாராமல் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினேன்.

லொறி நகர்ந்து வெகுதூரம் போன பிறகே கையை எடுத்தேன். "பிள்ளை, அது தும்மல்" என்றார். சாகும்வரை அதையே சொன்னார். நான் ஒருநாளும் நம்பவில்லை.

அண்ணே, நீங்கள் இல்லாதது எனக்குப் பெரிய வெறுமை. உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம்தான். மணி அடித்தால், கை வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறேன். மறுமுனையில் எவர் எந்த அறைக்குள் நிற்கிறாரோ, யாருக்குத் தெரியும்.