நெருப்பின் மேல் வைத்த கால்

ஜனவரிப் பனியில் முயல் வேட்டைக்கு உட்காருகிறவனுக்குக் கால்தான் முதலில் விறைக்கும். பாலகாட் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்ந்த சைலஸ் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பழைய பெயிண்ட் டப்பாவில் கரி நெருப்பைப் போட்டுச் சாம்பலால் மூடுவார். பாதங்களை அதன் மேல் வைத்து, முழங்கால் வரை கோணியைச் சுற்றிக்கொள்வார்.

அன்று விடிகாலையிலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். மனைவி மரியகுழந்தை இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. வீட்டில் இருப்புக்கொள்ளாமல் சிநேகிதர் சம்பங்கியோடு வந்திருந்தார்.

வெளிச்சம் வந்ததும், புதரோரம் கட்டியிருந்த வலையில் ஒரு முயல் விழுந்தது. அதைப் பிடித்துக்கொண்டு திரும்பிய சம்பங்கி மூக்கைச் சுளித்தார்.

"இன்னாண்ணா, ஏதோ தீயற நாத்தம் வருதே?"

"எனக்கு ஒண்ணும் தெர்லப்பா."

சம்பங்கி கோணியை இழுத்தார். சாம்பல் சரிந்து, கனன்ற கரியின் மேலேயே சைலஸின் வலது பாதம் இருந்தது. சாக்ஸ் கருகித் தோலோடு ஒட்டியிருந்தது.

"ஐயோ, கால எடுண்ணா! வலிக்கலியா?"

சைலஸ் காலைத் தூக்கிப் பார்த்தார். வேறு யாருடைய காலோ போலிருந்தது.

சர்க்கரை நோயில் நரம்பு எப்போதோ செத்துவிட்டது என்றார் டாக்டர். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. மகள் நிக்கோல் பெங்களூரிலிருந்து வந்து கட்டிலோரம் உட்கார்ந்து அழுதாள்.

"அம்மா போனப்பவும் நீ அழல டாடி. இப்பவாவது வலிக்குதுன்னு சொல்லேன்."

"வலிச்சா சொல்ல மாட்டேனாம்மா?" என்றார் சைலஸ்.

அவள் கை தன் இடது பாதத்தின் மேல் இருப்பது, குனிந்து பார்த்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.