கட்டுத்தாரையில் கொடுத்த ரத்தம்

எருத்தேன்பதி கிழக்குத் தோட்டத்துச் சென்னியப்பனுக்குத் தன் கையால் ஒரு வேலை செய்து பழக்கமில்லை. கோயிலுக்குப் பால்குடம் என்றாலும் ஆள்தான் தூக்கிப் போவான். புண்ணியம் மட்டும் இவருக்கு. பெண்சாதி போய்ச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் அவரும் மகள் பழனாத்தாளும்தான். அவருடைய அப்பாவோடு பிறந்த அத்தைக்குச் சாகும்வரை இடது கால் உரல் கனம். யார் கேட்டாலும் "வாதம்" என்பார்கள் அந்த வீட்டில்.

ஐம்பத்தேழில் யானைக்கால் கணக்கெடுக்க வந்தார்கள். அந்த நோய்ப் புழு ராத்திரியில்தான் ரத்தத்தில் தெரியுமாம். அதனால் பொன்ராஜ் என்ற ஊழியர் எட்டு மணிக்கு மேல் பெட்ரோமாக்ஸோடு வீடு வீடாகப் போய், விரலில் குத்திக் கண்ணாடிச் சில்லில் தேய்த்துக்கொண்டார்.

பழனாத்தாளை வேலந்தாவளத்து ஈஸ்வரமூர்த்தி மகனுக்குப் பேசி, தையில் முகூர்த்தம். புழு தெரிந்தால் எவன் கட்டுவான்? ஏர் ஓட்ட ஆள் விடுகிறவர் ரத்தத்துக்கும் ஆள் விட்டார். உழைக்கிற உடம்பில் புழு ஏது என்று நினைப்பு!

"எங்கூட்டுப் பொம்பளைங்க வாசலுக்கு வரமாட்டாங்க. கட்டுத்தாரைல எடுத்துக்குங்க."

மாடுகளுக்கு நடுவே பண்ணையாள் சின்னையன் சென்னியப்பன் ஆனான். அவன் பெண்சாதி மருதாத்தாள் முக்காட்டுக்குள் பழனாத்தாள் ஆனாள். அவர்கள் குடியிருந்த சாளையில் ஆளே இல்லை என்று எழுதவைத்தார் அந்தப் பெரிய மனுஷன்.

பத்து நாள் கழித்து பொன்ராஜ் மாத்திரையோடு வந்து டீக்கடையில் வழி கேட்டார். "பழனாத்தாள்ங்கிற பொண்ணு வீடு எது? புழு இருக்கு."

மறுநாளே ஈஸ்வரமூர்த்தி வண்டி கட்டி வந்துவிட்டார்.

"ஏனுங்க சம்பந்தி, ஊரு பேசறது நெசமுங்களா?"

"அது எம்புள்ள ரத்தமில்லீங்க. மருதாத்தா ரத்தமுங்க."

"அப்ப தாலி கட்டறதுக்கும் மருதாத்தாளைத்தான் உக்கார வெப்பீங்களா?"

வாசலில் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"செரி, இன்னிக்கு ராத்திரி என்ற கண்ணு முன்னால அப்பனும் புள்ளையும் வெரலை நீட்டுங்க. சுத்தம்னா தையிலயே கண்ணாலம்."

இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்? "நாங் குடுக்கறனுங்க மாமா" என்று பழனாத்தாள் வெளியே வந்தேவிட்டாள். சென்னியப்பன் அவளைப் பிடித்து உள்ளே தள்ளினார். அத்தையின் கால் கண்ணிலேயே நின்றது அவருக்கு.

"எங்க வமுசத்துல ஒருத்தரும் ஊசிக்கு வெரல் நீட்டுனதில்லீங்க" என்றார், ஏதோ ராஜ வம்சம் மாதிரி.

ஈஸ்வரமூர்த்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டி ஏறினார். சம்பந்தம் அத்தோடு போயிற்று.

பழனாத்தாள் அழவில்லை. பொன்ராஜ் கொடுத்துப்போன மாத்திரைப் பொட்டலத்தை எடுத்துப்போய் சாளையில் கொடுத்தாள். "மருதா, உன்ற ரத்தத்துக்கு வந்தது. நீயே தின்னு."

மாத்திரை தின்று, புழு சாகிற வேகத்தில் மருதாத்தாள் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தாள். சாணி அள்ள வரவில்லை என்று மூன்று நாளும் சாளை வாசலில் நின்று திட்டினார் சென்னியப்பன்.

பழனாத்தாளுக்கு நாலு வருஷம் கழித்துத்தான் கல்யாணம் கூடியது. அதுவும் ஊத்துக்குளிக்கு அப்பால், இந்தப் பேச்சு எட்டாத ஊரில், இரண்டாம் தாரமாக. அவ்வளவு தூரம் தள்ளிவிட்ட பிறகுதான் அப்பனுக்கு மூச்சு வந்தது.