சீலுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு

நேற்று எதிர்வீட்டுக்காரர் தீப மை கொண்டுவந்து கொடுத்தார். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கார்த்திகையில் எங்கள் மலைமேல் கொப்பரையில் தீபம் ஏற்றுகிறார்கள் அல்லவா, அது நெய்யும் திரியுமாகப் பல நாள் எரிந்து அடங்கிய பிறகு மிஞ்சுகிற கரியைத்தான் நெய்யில் குழைத்து மையாக்குவார்கள். மார்கழியில் ஆருத்ரா தரிசனத்தன்று அதை நடராஜருக்கு வைத்துவிட்டு, நெய் காணிக்கை கொடுத்தவர்களுக்குப் பிரசாதமாகத் தருவார்கள். சின்னப் பொட்டலம். பிரித்தால் மிளகளவு கறுப்பு. ஆனால் வாசனை அடுப்படி வரைக்கும் போகும், பழைய நெய்யும் கருகிய துணியுமாக. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அதைக் கோயில் வாசனை என்பார்கள். எனக்கு மட்டும் அது எம்பசி வாசனை. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

அப்போது நான் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். பட்டா மாறுதல் மனு, வாரிசுச் சான்றுக்கு மனு, பெயர் மாற்றத்துக்கு அஃபிடவிட். எதைக் கேட்டாலும் 'மதிப்பிற்குரிய அய்யா'வில் ஆரம்பித்து 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' வரைக்கும் என் விரல்களே பார்த்துக்கொள்ளும். நான் பாட்டுக்கு வெளியே போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். சான்றிதழை லேமினேஷன் போட்டு எடுத்துவருகிறவர்களைக் கண்டால் மட்டும் எனக்குக் கோபம் வரும். "அதும்மேல எவன் சீல் வெப்பான்?" என்று சத்தம் போடுவேன். கவர்மென்ட் அதிகாரி என்று நினைத்து இரண்டு கையும் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அதில் எனக்கு ஒரு சந்தோஷம் என்பதையும் மறைப்பானேன்.

கடைக்கு வெள்ளைக்காரர்களும் வருவார்கள். ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு அறை எடுத்துத் தங்குகிறவர்கள். வீட்டு ஒப்பந்தம், விசா நீட்டிக்க ஒரு கடிதம் என்று ஏதாவது இருக்கும். "ஏன் சார், அவ்ளோ நல்ல ஊர வுட்டுட்டு இங்க வந்து உக்காந்துங்கிறீங்க?" என்று ஒருத்தரிடம் அரைகுறை இங்கிலீஷில் கேட்டேன். அவர் மலையைக் காட்டினார். நான் கடையின் கூரையைப் பார்த்தேன். எங்கள் கூரைக்குப் பின்னால்தான் மலை இருந்தது.

என் மனைவி சுமதி பி.எஸ்சி. நர்சிங் படித்தவள். செங்கம் ரோட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை. படித்ததெல்லாம் இருதய வார்டு, வென்டிலேட்டர். செய்ததோ பெட்ஷீட் மடிப்பதும், டாக்டரின் மனைவி வந்தால் எழுந்து நிற்பதும். "நான் படிச்சத ஒருநாளாச்சும் செஞ்சு பாக்கணுங்க" என்று அடிக்கடி சொல்வாள். வளைகுடா நாடொன்றில் பெரிய ஆஸ்பத்திரி, இருதய வார்டிலேயே வேலை என்று ஆர்டர் வந்தபோது, அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவளை அவ்வளவு அழகாக நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

அன்று முதல் எங்கள் வீட்டில் அரபி ஆரம்பித்தது. ஒரு பழைய புத்தகத்தை எங்கிருந்தோ வாங்கிவந்து, குழம்பு கொதிக்கும்போதெல்லாம் நோயாளிகளிடம் பேசப் பழகினாள். நோயாளி நான்தான். என்னைப் பாயில் படுக்கவைத்து, வயிற்றை அழுத்தி, "வேன் அல் வஜா?" என்பாள். எங்கே வலிக்கிறது என்று அர்த்தமாம். நான் கடை முதலாளியின் பெயரைச் சொல்வேன். கரண்டியால் ஒரு தட்டு தட்டிவிட்டு மறுபடி கேட்பாள், இன்னும் மெதுவாக, இன்னும் கனிவாக. ஊர் பேர் தெரியாத யாரோ ஒருவர் அந்தக் குரலைக் கேட்டுத் தைரியமாகப் படுத்திருக்கப் போகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு சான்றிதழ் கடல் தாண்டுவதென்றால் சாமி புறப்பாடு மாதிரி. ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்றுதான் போகும். படித்த இடத்தில் உண்மைதான் என்று எழுதித் தர வேண்டும். அதைப் பார்த்து மாநில அரசு சீல் வைக்கும். அந்த சீலைப் பார்த்து வெளியுறவுத் துறை வைக்கும். அதைப் பார்த்துக் கடைசியாக எம்பசி வைக்கும். எல்லாம் ஒரிஜினலின் முதுகில். இதில் ஒரு விசேஷம் உண்டு. எம்பசிக்காரர் உங்கள் படிப்பைப் பார்ப்பதில்லை, தனக்கு முன்னால் விழுந்த சீலைத்தான் பார்ப்பார். அது சரியாக இருந்தால் நீங்கள் நர்ஸ்.

எம்பசியைத் தவிர மற்றதெல்லாம் சென்னையிலேயே முடிந்து, நானே போய் வாங்கிவந்தேன். பஸ்ஸில் மடியில் வைத்திருந்த ஃபைலை வந்தவாசி வரைக்கும் திறக்கவில்லை. அதற்கப்புறம் திறந்து திறந்து பார்த்தேன். ஊதா நிறத்தில் வட்டமாக, சிங்கமுகம் தெளிவாக இருந்தது. மறுநாள் டெல்லி ஏஜெண்டுக்குக் கூரியர். வேலையில் சேர வேண்டிய தேதிக்குள் எம்பசி சீல் விழுந்துவிட்டால் விசா. இல்லாவிட்டால் ஆர்டர் ரத்து.

அது மார்கழி. ஆருத்ரா முடிந்து அம்மா தீப மை வாங்கி வைத்திருந்தாள். எங்கள் வீட்டில் எந்த முக்கியமான காகிதம் வந்தாலும் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைப்பதுதான் வழக்கம். என் பத்தாவது மார்க் ஷீட்டில்கூட மஞ்சள் உண்டு. மார்க்குக்கு அது உதவவில்லை. ஆனால் கடல் தாண்டிப் போகிற காகிதத்துக்கு மஞ்சள் போதாது என்று அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போன பிறகு, ஃபைலைத் திறந்து, சீல் எதன்மேலும் படாமல் காலி இடமாகப் பார்த்து, பக்கத்தில் ஒரு பொட்டு வைத்திருக்கிறாள். ரொம்பக் கம்மியாகத்தான். பிறகு பத்திரமாக உள்ளே சொருகிவிட்டாள். அதை எங்களிடம் சொல்லவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்ததை யாரிடம் சொல்கிறோம்?

பொட்டு வைத்த இடத்தில் இருந்தது. நெய் வைத்த இடத்தில் நிற்கவில்லை.

டெல்லியிலிருந்து ஏஜெண்ட் போன் செய்தார். "எம்பசில ரிஜெக்ட் பண்ணிட்டாங்க சார். பின்னாடி சீல் கலைஞ்சு போயிருக்கு. திருத்துனா மாதிரி இருக்குன்றாங்க. எண்ணெய்ல எதுனா வெச்சீங்களா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கவர் திரும்பி வந்தது. சுமதிதான் பிரித்தாள். பார்ப்பதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. காகிதத்தைத் திருப்பினாள். பொட்டைச் சுற்றி நெய் ஊறி, காகிதம் கண்ணாடியாகி, சிங்கமுகம் இருந்த இடத்தில் ஊதா நிறம் கரைந்து பரவியிருந்தது. பொட்டு மட்டும் அப்படியே இருந்தது.

"அத்தை" என்றாள். கூப்பிடவில்லை, சும்மா சொன்னாள்.

முகப் பவுடர் தூவினோம். அரிசி மாவு போட்டு எடுத்தோம். நெய் கொஞ்சம் வெளுத்தது, போன சீல் போனதுதான். இன்னொரு முறை கொடுத்துப் பார்த்தார் ஏஜெண்ட். மறுபடி திரும்பியது. டூப்ளிகேட் சான்றிதழுக்கு எழுதிப் போட்டோம். அதற்கான மனுவையும் நான்தான் அடித்தேன், அந்த ஒன்றை மட்டும் பார்த்து, எழுத்து எழுத்தாக. டூப்ளிகேட் வந்தாலும் முதல் சீலிலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும். அது வருவதற்குள் சேர வேண்டிய தேதி போய்விட்டது. அடுத்த முறை ஆள் எடுத்தபோது சுமதிக்கு வயது தாண்டியிருந்தது.

எனக்கு அம்மாமேல் அப்படி ஒரு ஆத்திரம். கேட்டுவிடுவதென்றுதான் எழுந்தேன். சுமதி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாணாங்க. தெரிஞ்சா அவங்க சாப்பிடவே மாட்டாங்க. வேலை இல்லன்னுட்டாங்கன்னு சொல்லிடுங்க."

அப்படியே சொன்னேன். அம்மா சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"நான்தான் தீப மை வெச்சி அனுப்புனேனே. நல்ல எடமா இருந்தா சாமி அனுப்பிச்சிருக்காதா? அங்க இன்னாவோ கெட்டது இருந்துருக்குது. அதான் தடுத்துடுச்சி."

இதை வருகிற சொந்தக்காரர்களிடமெல்லாம் சொன்னாள். சுமதி காபி கொண்டுவந்து வைக்கும்போதும் சொல்வாள். சுமதி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அப்புறம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. சுமதி இருந்த வேலையையும் விட்டுவிட்டு, அவள் படித்த அத்தனையையும் அந்த ஒரு நோயாளிக்கே செய்தாள். குழறிய வாயால் அம்மா கடைசிவரை சொன்னது ஒன்றுதான். "நல்லவேள நீ போவல கண்ணு. அந்த மைதான் உன்ன நிறுத்திச்சி."

"ஆமாங்கத்தை" என்பாள் சுமதி, வாயைத் துடைத்துவிட்டபடி.

அம்மா போய்விட்டாள். கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். மேல்வீட்டுப் பெண் போன வருஷம் வெளிநாடு போனாள். அவள் சான்றிதழைப் போனிலேயே சரிபார்த்துவிட்டார்களாம், பொட்டு வைக்க இடமே இல்லை. சுமதியின் பாஸ்போர்ட் ஒரு முத்திரைகூட விழாமல் காலாவதியாகி பீரோவில் கிடக்கிறது. அரபிப் புத்தகம் எந்தப் பழைய பேப்பர் கட்டோடு போனது என்று தெரியவில்லை.

நேற்று அந்தப் பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுமதி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்ன தோன்றியதோ, மெதுவாகக் கேட்டேன்.

"வேன் அல் வஜா?"

நிமிர்ந்து பார்த்தாள். நடிக்கிறாளோ என்று முகத்தையே பார்த்தேன். இல்லை. அந்த முகத்தில் எதுவுமே வரவில்லை.

"இன்னாங்க உளர்றீங்க?" என்றாள். கீரையைத் தள்ளிவிட்டு எழுந்துவந்து என் நெற்றியில் புறங்கையை வைத்தாள். "உடம்பு சரியில்லையா? எங்க வலிக்குது, சொல்லுங்க."

அதே குரல். மெதுவாக, கனிவாக.

ஒன்றுமில்லை என்றேன்.