ராணிக்கு வசனம் கிடையாது

வெலிங்டனுக்குப் பக்கத்தில் அப்பர் ஹட் என்ற ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் நைரி பைவையை எனக்கு முதலில் அரக்கியாகத்தான் தெரியும். எங்கள் பக்கம் மாயாஜாலக் கதை எதைப் படமெடுத்தாலும் அரக்கர் கூட்டத்துக்கு இந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரிகளைத்தான் கூப்பிடுவார்கள். அவளுக்குக் கோரைப்பல் ஒட்டுவது என் வேலை. ஒட்டி முடிப்பதற்குள் யூனிட்டில் இருக்கும் அத்தனை பேரின் வண்டவாளத்தையும் சொல்லிவிடுவாள்.

அரக்கரெல்லாம் பழுப்பு, வீரரெல்லாம் வெள்ளையா என்று பத்திரிகைகள் ஒருநாள் கிழித்துத் தொங்கவிட்டன. தயாரிப்பாளர் லாக்லனுக்கு உடனே ஞானம் பிறந்தது. ஒரு நாவலை வைத்து எடுத்த அடுத்த தொடரில் நைரிதான் வனராணி. பால்பண்ணைக்கார வெள்ளையர்கள் வந்து அரக்கர்களாக ரப்பர் முகமூடிக்குள் வியர்த்தார்கள்.

சுவரொட்டி முழுக்க நைரியின் முகம். தொடரிலோ, "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று கதாநாயகன் முழங்கும்போது பின்னால் நின்று தலையாட்டினாள். அவ்வளவுதான்.

அதற்கே ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். நாவலில் ராணி வெள்ளைவெளேர் என்றிருப்பாள், அரசியலுக்காகக் கெடுத்துவிட்டார்கள் என்றது ஒரு கட்சி. இது மாபெரும் புரட்சி என்றது மற்றது. நைரியின் போனில் ஒருவன் அசிங்கமாகத் திட்டுவான், அடுத்தவள் அழுதுகொண்டே வாழ்த்துவாள்.

"ரெண்டு பேருமே தொடரைப் பாக்கலடா. பாத்திருந்தா, நான் எங்கன்னு தேடியிருப்பாங்க," என்றாள் என்னிடம். சிரித்தாள். ஆனால் அன்று வேறு யாரைப் பற்றியும் வம்பு பேசவில்லை.

வெலிங்டனில் ரசிகர் விழா. மேடையில் லாக்லன், பக்கத்தில் நைரி. கூர்மையான பிளாஸ்டிக் காது மாட்டிய ஒருவன் எழுந்தான். பெயர் டேரன்.

"புத்தகத்துல ராணி வெள்ளை, மேடம். உங்களை எப்படிப் போட்டாங்க?"

"புத்தகத்துல அவ பக்கம் பக்கமா பேசுறா தம்பி. என்னை ஊமையாக்கிட்டாங்களே, அதுக்கு ஏன் உனக்குக் கோவம் வரல?"

டேரன் யோசித்தான். "அட, ஆமா! ராணி வீரன்கிட்ட பேரம் பேசுற காட்சியே இல்லையே!" என்று லாக்லன் பக்கம் திரும்பினான். அரங்கம் முழுக்க, இரண்டு கட்சியும் சேர்ந்து, லாக்லனைப் பார்த்து ஊளையிட்டது.

தொடரின் அடுத்த பருவத்துக்கு ராணிக்கு நீளமாக ஒரு வசனம் வந்தது. காடு, அன்பு, ஒற்றுமை. படித்துவிட்டு நைரி லாக்லனிடமே போனாள்.

"இது பிரார்த்தனைக் கூட்டத்துல படிக்கிறது. எனக்கு வேணாம்."

"மரியாதையா எழுதியிருக்கோம் நைரி..."

"மரியாதையை நீயே வச்சுக்கோ. அவ புத்தகத்துல பொய் சொல்றா, ஏமாத்துறா, வீரனோட குதிரையைப் பிடுங்கிக்கிறா. அதைக் குடு."

"மாவோரி ராணி திருடுனா பத்திரிகைக்காரங்க எங்களைக் கொன்னுடுவாங்கம்மா!"

"நல்லவளா மட்டும்தான் இருக்கணும்னா, நான் பஸ்ஸே ஓட்டிக்கிறேன்."

நைரியின் முகத்தோடு சுவரொட்டிகள் ஏற்கெனவே அச்சாகியிருந்தன. லாக்லனுக்கு வேறு வழியில்லை.

அந்தக் காட்சி வந்த அன்று அவள் வீட்டில் சோபா கொள்ளாத கூட்டம். நானும் பொரித்த ரொட்டித் தட்டும் தரையில். ராணி தேனாகப் பேசி, வீரனைக் கட்டிப்பிடித்து, குதிரையோடு கிளம்பிப் போனாள். பின்னால் நடந்தே வந்தான் வீரன்.

வீடே கூத்தாடியது. அவள் சித்தி மெரே மட்டும் முகத்தைச் சுளித்தாள்.

"ஏன்டி, நான் சீட்டாடுறப்ப பண்றதை அப்படியே காட்டியிருக்கியே, உனக்கு வெக்கமா இல்ல?"

"உங்களைப் பாத்துத்தான் நடிச்சேன் சித்தி."

"அப்ப எனக்கும் அந்தக் கிரீடம் ஒண்ணு வாங்கிட்டு வா," என்றாள் மெரே.