என் வளவில் விழுந்த சொற்கள்

எனக்கு எழுத்து அதிகம் வராது. இரண்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் மானம் போவதற்கு எத்தனை சொல் இருக்கிறது என்று என்னைக் கேட்கலாம். எல்லாம் என் வளவுக்குள், வீட்டையும் முற்றத்தையும் சுற்றிய வேலிக்குள், வந்து விழுந்தவை.

நாங்கள் படுவான்கரை ஆட்கள். வாவிக்கு மேற்கே. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. தாய் மகளுக்குக் கொடுப்பாள், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பான். என் வீடு என் தாய் தந்தது. என் புருஷன் அதற்குள் வந்தவர்.

அவர் அடிப்பார். ஊருக்குத் தெரியும். அதற்கு யாரும் ஒரு பெயரும் வைக்கவில்லை.

ஒரு மாரியில் மகளின் மேல் கை வைத்தார். கறிக்கு உப்புக் கூடிவிட்டதாம். பிள்ளையின் உதடு கிழிந்தது. நான் அவருடைய பெட்டியையும் வீச்சுவலையையும் எடுத்து முற்றத்தில் வைத்தேன். வேலிப் படலையைத் திறந்து விட்டேன். நல்ல மழை. பெட்டி நனைகிறதே என்று அதைத் தூக்கினார். தூக்கினவர் அப்படியே தாய் வீட்டுக்குப் போனார்.

மறுநாளே சொற்கள் வரத் தொடங்கின. அடுத்த வளவுக்காரி கிணற்றடியில் வெட்கக்கேடு என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அவள் வீட்டிலும் அடி உண்டு. அவருடைய தாய், என் மாமி, படலையில் நின்று பழிகாரி என்று மண்ணை அள்ளித் தூற்றினாள். என் அண்ணன் தலைகுனிவு என்றார். சொல்லும்போது உண்மையாகவே நிலத்தைத்தான் பார்த்தார்.

கோயில் வண்ணக்கர், குடிக்கு இழுக்கு என்றார். கோயிலையும் ஊர்க்காரியத்தையும் பார்க்கிற பெரியவர் அவர். மற்றச் சொற்களை நான் கூட்டித் தள்ளிவிட்டேன். இது கனத்தது. குடி என்றால் வம்சம், எங்களுக்கு அது தாய்வழி. என் இழுக்கு என்னோடு நிற்காது, மகளுக்கும் இறங்கும்.

கோயில் முன்றலில் கூடிப் பேசி முடிவு சொன்னார்கள். நான் புருஷனை அழைத்து வீட்டில் விட வேண்டும். கோயிலில் நின்று என் பிழை என்று சொல்ல வேண்டும். அதுவரை துணி வெளுக்கிற கட்டாடி குடும்பம் என் வளவுக்குள் வெள்ளை கட்டக் கூடாது.

பந்தலுக்கு மேலே கட்டுகிற அந்த வெள்ளைத் துணி இல்லாமல் எங்கள் பக்கத்தில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. கட்டாடியார் வெள்ளை கட்டாத வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள்.

மாசி பிறந்து வேளாண்மை வெட்டி முடிய, மகள் சாமத்தியப்பட்டாள், பெரியபிள்ளையானாள்.

அண்ணன் வந்தார். தாய்மாமன் அவர்தான், சடங்கில் அவர் இல்லாமல் ஆகாது. வாசலில் நின்றபடியே பேசினார்.

“அவனக் கூப்பிடு புள்ள. எல்லாம் சரியாப் போகும்.”

“அவர் வந்தா அடியும் வரும் அண்ணன்.”

“ஊரில எந்த வீட்டில அடி இல்ல?”

“இஞ்ச இல்ல” என்றேன். “இப்ப.”

அவர் போய்விட்டார்.

அது உலகச் சண்டைக்காலம். கடைத்துணிக்குக் கூப்பன் வேண்டும். நான் ஒரு சாக்கு நெல்லைத் தோணியில் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடந்து காத்தான்குடிக்குப் போனேன். அங்கே தறி போட்டு நெய்கிற ஒருவர் இருந்தார், முன்பே பழக்கம். வெள்ளைத் துணி வேண்டும் என்றேன். என் சங்கதி எனக்கு முன்னே தோணி ஏறி அவரிடம் வந்திருந்தது.

“பந்தலுக்கெண்டா இது போதும்” என்றார். “ஊர்ர வாயக் கட்டுறத்துக்கெண்டா என்ர தறி காணா, தங்கச்சி.”

பந்தலுக்குத்தான் என்றேன். ஒரு முழம் கூடவே கிழித்துத் தந்தார்.

சடங்குத் தண்ணீர் வார்க்கிற அன்று வெள்ளையை நானே கட்டினேன். ஏணி வைத்து ஏறி, நாலு மூலையும் இழுத்து முடிந்தேன். ஒரு மூலை சற்றுத் தாழ்ந்தது. விட்டுவிட்டேன். மகளை அதன் கீழ் இருத்தித் தண்ணீரும் நானே வார்த்தேன்.

தண்ணீர் விழும்போது குரவை போட வேண்டும். குரவை ஒருத்தியின் வேலை அல்ல. ஒருத்தி எடுக்க மற்றவர்கள் நாக்கைச் சுழற்றிச் சேர வேண்டும். முற்றத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். மகள் அழத் தொடங்கினாள். அழாதே என்று சொல்லிவிட்டு நான் எடுத்தேன். மூச்சு முடிந்தது. சேர ஒரு குரலும் இல்லை. திரும்பவும் எடுத்தேன்.

அடுத்த வளவில் ஒரு குரவை எழுந்தது. வெட்கக்கேடு என்றவளின் குரல். பிறகு பின் வளவில் ஒன்று. ஒழுங்கைப் பாதைக்கு அப்பால் இரண்டு மூன்று சேர்ந்து. நல்ல காரியத்துக்கு எழுந்த குரவையைக் கேட்டுக்கொண்டு வாயை மூடி இருப்பது எங்கள் பெண்களுக்கு முடியாத காரியம். ஒருத்தியும் படலை தாண்டி வரவில்லை. கிடுகு வேலிக்குப் பின்னால் நின்றே போட்டார்கள். வண்ணக்கர் வீட்டுப் பக்கமிருந்தும் ஒன்று வந்தது. யாருடையது என்று சொல்லமாட்டேன்.

வண்ணக்கர் பின்னேரம் வீடு வீடாகப் போய், குரவை போட்டது யார் என்று கேட்டாராம். எல்லோரும் மீன் அரிந்துகொண்டு இருந்தார்களாம். ஒருத்திக்கும் கேட்கவில்லையாம்.

அடுத்த நாள் வெயில் ஏறக் கட்டாடியாரின் பெண்சாதி வந்தாள். வேலியில் நிற்கவில்லை. படலையைத் திறந்து நேரே முற்றத்துக்கு வந்தாள். தண்ணீர் வார்க்கும்போது பிள்ளை உடுத்திருந்த உடுப்பு அவளுக்குச் சேர வேண்டியது. அது அவர்களின் உரிமை.

“உடுப்பத் தாங்க புள்ள” என்றாள்.

உங்களை மறித்திருக்கிறார்களே என்றேன்.

“வெள்ள கட்டத்தான் மறிச்ச. எங்கிட உரிமைய எடுக்க ஒருத்தரும் மறிக்கல்ல.”

மேலே பார்த்தாள். தாழ்ந்த மூலையை அவிழ்த்து இழுத்துக் கட்டினாள். “இது கட்டுறல்ல, திருத்துற” என்றாள். பிறகு முற்றத்திலேயே இருந்து வெற்றிலை போட்டாள். ஒழுங்கையால் போனவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவள் அவசரப்படவில்லை.

அதற்குப் பிறகு அந்த மறிப்பை யாரும் எடுக்கவும் இல்லை, பேசவும் இல்லை. அண்ணன் ஒரு குலை வாழைக்காயைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்.

வைகாசியில் அம்மனின் குளிர்த்தித் திருவிழாவுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். வண்ணக்கர் வாசலில் நின்றார். மகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“எங்கள அவமானப்படுத்திப் போட்டாய்” என்றார்.

அவமானம் என்ற அந்தச் சொல் என் வளவுக்குள் அதுவரை விழவில்லை. வந்தபோது அது எனக்கு வரவில்லை, அவர்களுக்கே வந்தது. அவரிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன்.